எலியின் இரத்தத்துக்கும் ஒரு சோதனை வேண்டும்

மாரி மழை விட்டு, வயல் வரம்புகளில் நீர் வடியத் தொடங்கும் நாட்களில் எமது கிராமங்களில் ஒரு சொல் வாய்க்கு வாய் நடமாடும். 'எலிக்காய்ச்சல்' என்பதே அது. கடுங்காய்ச்சல், தொடைத் தசை நோவு, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு என்று யார் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போனாலும் முதலில் அந்தப் பெயரே துண்டில் ஏறுகிறது. பெரும்பாலும் அது சரியான பெயர்தான். லெப்ரோஸ்பைரோசிஸ் என்னும் பக்ரீரியா நோய் எமது நாட்டின் வயற்காரரை ஆண்டுதோறும் வாட்டி வருவது. 2008ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலும் 7000 இற்கு மேற்பட்டோர் அந்நோயின் சந்தேகத்தில் பதிவாகினர்.

ஆனால் பெரும்பாலும் சரி என்பது எப்போதும் சரி என்பதாகாது.

2024 டிசம்பரில் யாழ். குடாநாட்டில், சிறப்பாக வடமராட்சிப் பக்கத்தில், நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வெள்ளம் வந்து போன கையோடு காய்ச்சல் பரவியது. சில நாட்களுள் குறைந்தது 7 பேர் இறந்தனர். இன்ன நோய் என்று திடமாகச் சொல்லப்படும் வரை ஊரெல்லாம் 'மர்மக் காய்ச்சல்' என்ற பேச்சே. மாதிரிகள் குடாநாட்டுக்கு வெளியே அனுப்பப்பட்டு, முடிவு வந்து, எலிக்காய்ச்சல் என்று உறுதியான பிற்பாடே மக்கள் மூச்சு விட்டனர். கமக்காரருக்கு மருந்துக் குளிசைகள் வழங்கப்பட்டன. அந்த இடைப்பட்ட நாட்களின் பயம், பரந்தனிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் கூட உணரப்பட்டது. அப்போது எலிக்காய்ச்சல் என்றே முடிவு வந்தது. வேறொன்று என்று வந்திருந்தால்?

வேறொன்று இருக்கிறது என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

ஹன்ரா என்னும் வைரசுக் குடும்பம் ஒன்று உண்டு. கொரிய நாட்டில் ஓடும் ஹன்ரான் ஆற்றின் பெயரால் வந்த பெயர் அது. 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தில் ஐக்கிய நாடுகள் படையினர் 3000 பேருக்கு மேல் இனந்தெரியாத ஒரு காய்ச்சலால் விழுந்தனர். இரத்தக் கசிவும் சிறுநீரகச் செயலிழப்பும் அதன் குணங்கள். காரணத்தைக் கண்டுபிடிக்க இருபது ஆண்டுகளுக்கு மேல் எடுத்தது. 1976இல் லீ ஹோ வாங் என்ற கொரிய விஞ்ஞானி, அந்த ஆற்றுப் பக்கத்து வயல் எலியின் நுரையீரலில் அந்த வைரசைக் கண்டார். அகழிகளிலும் பதுங்கு குழிகளிலும் படுத்தெழும்பிய சிப்பாய்களுக்கு ஏன் அந்நோய் வந்தது என்பது அதன் பின்னரே விளங்கிற்று. பதுங்கு குழிக்குள் எலியோடு படுத்திருப்பது எப்படியென்று வன்னி மக்களுக்கு நாம் விளக்கத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. 1964இல் வேலூரில், தோட்டப்பாளையம் என்ற இடத்தில் பிடிக்கப்பட்ட ஒரு மூஞ்சூறிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட வைரசு, பிற்காலத்தில் இதே ஹன்ரா குடும்பத்தைச் சேர்ந்தது எனத் தெரியவந்தது. அது மனிதரை நோயாக்குவதாக நிறுவப்படவில்லை. ஆயினும் பின்னர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், எலி பிடித்துச் சீவிக்கும் இருளர் மக்களிலும் தானியக் கிடங்குத் தொழிலாளரிலும் ஹன்ரா தொற்றின் சுவடுகளை இரத்தத்திற் கண்டனர். எலியோடு யார் புழங்குகிறார்களோ, தானியத்தோடு யார் புழங்குகிறார்களோ, அவர்களிடமே அது இருந்தது.

எமது நாட்டிலோ 1988ஆம் ஆண்டிலேயே, பின்னாளில் அமைச்சராகவும் இருந்த வைரசு நிபுணர் திஸ்ஸ விதாரணவும் அவருடன் உழைத்தோரும் ஹன்ரா நோய் இலங்கையில் உண்டென்று உலக மருத்துவ ஏடொன்றில் எழுதிவிட்டனர். 2011இல் வெளியான கண்டி ஆய்வு ஒன்று, எலிக்காய்ச்சல் என்று சந்தேகிக்கப்பட்ட நோயாளர் சிலரின் இரத்தத்தில் ஹன்ரா தொற்றின் அடையாளத்தைக் காட்டிற்று. ஆக, ஒரே வாங்கில் இருக்கும் இரண்டு நோயாளரில் ஒருவருக்குப் பக்ரீரியா, மற்றவருக்கு வைரசு என்பது நடக்கக்கூடியதே. வெளிக்குணங்கள் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்று. மருந்து ஒன்றல்ல. டொக்சிசைக்கிளின், பெனிசிலின் என்பன பக்ரீரியாவைக் கொல்லும், வைரசைத் தொடமாட்டா. ஹன்ராவுக்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை. உடலுக்குள் போகும் நீரையும் வெளியேறும் சிறுநீரையும் அளந்து, சிறுநீரகம் தளர்ந்தால் இரத்தச் சுத்திகரிப்புச் செய்து, ஆளைக் கரை சேர்ப்பதே வைத்தியம். அதற்கு உரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் உரிய நேரத்தில் போய்ச் சேர வேண்டும். உட்கிராமத்திலிருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகும் பாதையை நினைத்துப் பாருங்கள்.

தொற்றும் வழியும் வேறு. எலிக்காய்ச்சல் தண்ணீராலும் சேற்றாலும் வரும். காலிலுள்ள கீறலுக்குள்ளால் புகும். ஹன்ரா பெரும்பாலும் தூசியால் வரும். தொற்றிய எலியின் மூத்திரமும் புழுக்கையும் உமிழ்நீரும் காய்ந்து தூளாகி, காற்றோடு மூக்குக்குள் போகின்றன. எலி அதனால் சாவதில்லை, நோய்ப்படுவதுமில்லை. ஒருமுறை தொற்றினால் உள்ள காலம் முழுதும் வைரசைச் சிந்திக்கொண்டே திரியும்.

இந்த இடத்தில் எமது மக்களின் வாழ்வைச் சற்று நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனெனில் வைத்திய நூல்கள் 'ஆபத்துக்குள்ளாவோர்' என்று ஒரு வரியில் எழுதிச் செல்லும் இடத்தில், நாம் ஒரு தலைமுறையையே காண்கிறோம். 1995 ஒக்டோபரில் குடாநாட்டிலிருந்து கிளாலி கடந்து வந்தவர்கள் பாடசாலை மண்டபங்களிலும் மர நிழல்களிலும் தங்கினார்கள். பிறகு கிளிநொச்சியிலிருந்து மல்லாவிக்கு, மல்லாவியிலிருந்து விசுவமடுவுக்கு என்று குடும்பங்கள் மூடை முடிச்சோடு அலைந்தன. நெல் மூடைதான் அவர்களின் வங்கி. அதை வெளியில் வைக்க முடியாது. தறப்பாள் கொட்டிலுக்குள் ஒரு பக்கம் நெல், மறுபக்கம் பிள்ளைகளின் பாய். எலி எந்தப் பக்கம் போகும், எந்தப் பக்கம் வராது என்று யார் கோடு போட முடியும்? 2009இல் செட்டிகுளம் மனிக்பாம் முதலிய முகாம்களில் 250,000 இற்கு மேற்பட்டோர் அடைக்கப்பட்டிருந்த நாட்களில், நிவாரண மாவும் பருப்பும் கூடாரத்துக்குள்ளேயே இருந்தன, எலிகளும் இருந்தன.

திரும்பி வந்தவர்களின் கதை இன்னும் முக்கியமானது. ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆளில்லாமற் கிடந்த வீடு, பற்றை மூடிய வளவு, கூரை இடிந்த கொம்பறை. வீட்டுக்காரி முதல் நாள் செய்தது என்ன? விளக்குமாற்றை எடுத்துக் கூட்டினாள். மூலையில் குவிந்திருந்த எலிப்புழுக்கை, கறையான் மண், பழைய சாக்கு எல்லாம் புகையாகக் கிளம்பின. பிள்ளைகள் பக்கத்தில் நின்றார்கள். தன் வீட்டுக்குத் திரும்பிய மகிழ்ச்சியில் செய்த வேலை அது. அவளுக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணிவெடி பற்றிச் சொன்னார்கள். அது மிகவும் வேண்டியதுதான். தூசி பற்றிச் சொல்ல ஆளிருக்கவில்லை. இன்றும் காணி முழுதாகத் திரும்பக் கிடைக்காமல் தற்காலிக வீட்டில் இருக்கும் கேப்பாப்பிலவுக் குடும்பங்களுக்கும், வெள்ளத்துக்குப் பின் வீடு கழுவும் எவருக்கும் இது பொருந்தும்.

இனிச் சிறுநீரகத்துக்கு வருவோம். மதவாச்சி, பதவியா பக்கத்தில் 1990களில் பேசப்படத் தொடங்கிய, காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், மாகாண எல்லையில் நின்றுவிடவில்லை. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் கமக்காரர் பலர் அதனால் வாடுகின்றனர். கிணற்று நீரின் காரமும் புளோரைட்டும், விவசாய இரசாயனங்கள், வெயிலில் நீர் குடியாது உழைத்தல் என்று பல காரணங்கள் சந்தேகிக்கப்படுகின்றன. இந்த வரிசையில் எலியும் வந்து சேர்ந்திருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழக ஆய்வாளரும் யப்பானிய ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளரும் சேர்ந்து, பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டைப் பகுதியில் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. அந்தச் சிறுநீரக நோயாளரிடையே ஹன்ரா தொற்றின் சுவடு, நோயில்லாத மற்றவர்களிலும் பார்க்கக் கூடுதலாக இருந்தது. 2021இல் அதே பகுதி எலிகளிலேயே புதிய ஹன்ரா வைரசுகளைக் கண்டார்கள். கிராந்துருகோட்டை மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட கமக்காரரின் பூமி. சிங்கள மக்களானாலும் காடு வெட்டி, கொட்டில் போட்டு, நெல்லோடு படுத்தெழும்பியவர்கள். எங்கள் மக்களைப் போலவே.

ஹன்ராதான் சிறுநீரக நோயின் காரணம் என்று அவ்வாய்வுகள் நிறுவவில்லை. நாமும் அப்படிச் சொல்ல வரவில்லை. இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒன்று மற்றதற்கு உதவுகிறதா என்று பார்க்க வேண்டும். பார்ப்பதற்கு வன்னி எலியின் இரத்தம் வேண்டும். கண்டி நோயாளரையும் கிராந்துருகோட்டை எலியையும் வைத்து நெடுங்கேணிக்குத் தீர்ப்பெழுத முடியாது.

எலியைச் சோதிப்பது இவ்வளவு காலமும் பெரிய வேலையாகவே இருந்தது. பிடித்த எலியை அறுத்து, உறுப்புகளை உறைகுளிரில் வைத்து, நூறு மைல் கொண்டுபோய், ஆய்வுகூடத்தில் வாரக்கணக்கிற் காத்திருக்க வேண்டும். மின்சாரமே இல்லாத இடத்தில் உறைகுளிர் ஏது? இப்போது நிலைமை மாறி வருகிறது. கொரோனா நாட்களில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்த சிறு அட்டையை எல்லோரும் கண்டிருக்கிறோம். அதே தத்துவத்தில், எலியின் ஒரு துளி இரத்தத்தைக் கரைசலோடு கலந்து பட்டியில் விட, ஹன்ராவுக்கு எதிராக எலியின் உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரி அதில் இருந்தால், சில நிமிடங்களில் நிறக்கோடு தெரியும். இத்தகைய பட்டியொன்றைத் தாம் எலிகளில் சோதித்த விபரத்தை மேலே சொன்ன ஹொக்கைடோ ஆய்வாளரே 2013இல் வெளியிட்டனர். இரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கும் இயந்திரமும் தேவையில்லை.

மலேரியாவை நினைத்தால் இதன் பெறுமதி விளங்கும். 1990களில் வன்னியில் மலேரியா காயாத வீடு இருந்ததா? விரலிற் குத்தி, கண்ணாடித் துண்டில் இரத்தம் பூசிக் கொடுத்துவிட்டு, முடிவு வருமுன் இரண்டு முறை நடுங்கி எழும்பியவர்கள் எத்தனை பேர்! யுத்தம் நடந்த இடங்களிலும் இரத்தம் எடுத்துப் பார்ப்பதை விடாமற் செய்தார்கள். நுளம்பைத் தேடி ஆராய்ந்தார்கள். 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆளையும் சோதித்து, நோயைக் காவும் உயிரையும் சோதித்ததால் வந்த பலன் அது. நுளம்புக்குச் செய்ததை எலிக்கும் செய்யச் சொல்கிறோம், அவ்வளவே.

பட்டியின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். கோடு தெரிந்தால் அந்த எலிக்குத் தொற்று ஏற்பட்டது என்று கொள்ளலாம். ஆனால் தாயிடமிருந்து பிறபொருளெதிரியைப் பெற்ற குட்டியிலும் பொய்யாகக் கோடு தெரியலாம். கோடு தெரியாவிட்டால் தொற்றே இல்லை என்பதுமல்ல. அண்மையில் தொற்றியதாக இருக்கலாம், அல்லது ஓரின வைரசுக்கென்று செய்த பட்டி எங்கள் நாட்டு இனத்தைப் பிடிக்காமல் விடலாம். ஆகவே கடையில் வாங்கி வந்து வரம்பில் வைத்துப் பார்க்கும் விளையாட்டல்ல இது. எங்கள் எலிகளில் முதலில் சரிபார்க்கப்பட வேண்டும். ஒரு பங்கு மாதிரியை ஆய்வுகூடமும் பார்க்க வேண்டும். எலிக்காய்ச்சலுக்கு இது உதவாது; அதற்கு வேறு சோதனை.

'மருந்தில்லாத நோய்க்குச் சோதனை எதற்கு?' என்று ஒரு வைத்தியர் எம்மிடம் கேட்டார். நல்ல கேள்வி. இந்தக் கிராமத்து எலிகளில் வைரசு உண்டு என்று தை மாதத்திலேயே தெரிந்தால், மாசியில் அறுவடை முடிந்து காய்ச்சலோடு வருபவரின் சிறுநீரை அவ்வைத்தியர் முதல் நாளிலிருந்தே அளப்பார். குளிசைக்குக் குணமாகவில்லையே என்று ஐந்து நாள் காத்திருக்க மாட்டார். நோய் வராமற் செய்வதும் எங்கள் கையில் வரும். அறுவடையோடு வயல் எலி தீனி தேடி வீட்டுக்குள் வரும் காலம் எமது கமக்காரருக்குத் தெரியும். எந்த வட்டாரத்தில் எந்த எலி, சுண்டெலியா, வீட்டெலியா, அகழானா, என்று தெரிந்தால் எங்கே காசைப் போடுவது என்பதும் தெரியும். உதவி நிறுவனங்கள் தரும் வீட்டுத்திட்டத்தில் நெல் வைக்கத் தனி இடம் கேட்க ஒரு காரணமும் கிடைக்கும். இப்போதுள்ள வரைபடங்களில் சுவாமிப்படத்துக்கு இடமிருக்கிறது, நெல் மூடைக்கு இல்லை.

ஆனால் சோதனை வருவதிலும் பார்க்க, முடிவு யாருக்குப் போகிறது என்பதிலேயே எமக்குக் கவலை அதிகம். எமது கிராமங்களில் கிணற்று நீரும் இரத்தமும் சிறுநீரும் போத்தலில் எடுத்துப் போனவர்கள் பலர். திரும்பி வந்து, 'அம்மா, உங்கள் கிணற்றில் இதுதான் இருந்தது' என்று சொன்னவர்களை விரல் விட்டு எண்ணலாம். அவர்களின் பட்டங்களுக்கு எமது மக்கள் வாழ்த்துச் சொல்லவே விரும்புகிறார்கள். பட்டம் எதைப் பற்றியது என்றாவது தெரிந்தால் நல்லது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. 1993இல் அமெரிக்காவின் தென்மேற்கில், நவாகோ என்னும் ஆதிக்குடி மக்கள் வாழும் பிரதேசத்தில் திடகாத்திரமான இளைஞர்கள் திடீரென மூச்சடைத்து இறந்தனர். சில வாரங்களுள் காரணம் தெரிந்தது: மான் சுண்டெலி என்னும் ஓர் எலியில் இருந்த, அதுவரை அறியப்படாத ஹன்ரா வைரசு. ஆனால் அந்தச் சில வாரங்களுள் பத்திரிகைகள் நோய்க்கு அம்மக்களின் பெயரையே சூட்டிவிட்டன. கடைகளிலும் உணவகங்களிலும் அவர்களைக் கண்டு மற்றவர்கள் ஒதுங்கினார்கள். அந்த மக்களின் முதியோரோ, மழை கூடி ஊசியிலை மரங்களில் விதை கொழிக்கும் ஆண்டுகளில் எலியும் கொழிக்கும், நோயும் வரும், எலியை வீட்டுக்குள் விடாதே என்று தலைமுறையாகச் சொல்லி வந்தவர்கள். விஞ்ஞானிகள் கண்டதும் அதையே. வைரசுக்கு ஓர் இடத்தின் பெயரை வைக்கப் போனபோது மக்கள் மறுத்தார்கள். கடைசியில் 'பெயரில்லாதது' என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லையே பெயராக வைத்தார்கள்.

'முகாம் சனம்' என்ற பெயரைச் சுமந்த எமது மக்களுக்கு இக்கதை புதிதல்ல. ஒரு கிராமத்து எலியில் கோடு தெரிந்தால், அக்கிராமத்து நெல்லை வாங்க மாட்டோம், அக்கிராமத்துப் பெண்ணை எடுக்க மாட்டோம் என்று பேச்செழ இரண்டு நாள் போதும். எமது நாட்டில் காணப்பட்ட ஹன்ரா வைரசுகள் ஆளிலிருந்து ஆளுக்குத் தொற்றியதாக அறியப்படவில்லை. தென் அமெரிக்காவில் ஓரினம் மட்டுமே அப்படித் தொற்றுவது. இதைச் சோதனைக்கு முன்னரே ஊர்க்கூட்டத்தில் சொல்ல வேண்டும். முடிவும் முதலில் ஊர்க்கூட்டத்துக்கே வரவேண்டும், பிறகு பத்திரிகைக்குப் போகட்டும்.

பெலிஸ்தியர் உடன்படிக்கைப் பேழையைக் கவர்ந்து போனபின் கொள்ளை நோயால் வாடி, பரிகாரமாகப் பொன்னால் எலி உருவங்கள் செய்து அனுப்பிய கதை சாமுவேல் முதலாம் நூலில் உண்டு. நோய்க்கும் எலிக்கும் ஏதோ தொடர்புண்டு என்று அந்தக் காலத்துச் சனமும் கண்டிருக்கிறது போலும். பொன் எலிக்கு எமது மக்களிடம் வசதியில்லை. உயிருள்ள எலி வேண்டிய மட்டும் உண்டு. அறுவடைக்கு முன் வரம்பு வெட்டி எலி பிடிக்கும் பழக்கமும் உண்டு. கமக்காரர் அமைப்புகள் இதற்கு ஆள் தரும். ஆனால் வெறுங்கையோடு பிடிக்க விடக்கூடாது. கையுறை, முகக்கவசம், பொறியைக் கழுவக் குளோரின் கரைசல் என்பவற்றைச் சோதனைக்கு வருபவர்களே கொண்டு வரவேண்டும். பிடிப்பவருக்கு நாட்கூலியும் கொடுக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. சாரைப்பாம்பைக் கண்ட இடத்தில் அடிப்பதையும் இந்தச் சாட்டில் நிறுத்தினால் பாதி எலி தானே குறையும்.

சோதனை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாதவையும் சில உள. பூட்டிக் கிடந்த வீட்டையோ நெல் வைத்த அறையையோ திறந்தால், உடனே கூட்டாதீர்கள். கதவு யன்னலைத் திறந்து அரை மணிநேரமாவது காற்றோட விடுங்கள். குளோரின் கலந்த தண்ணீரைத் தெளித்து, புழுக்கை ஊறிய பின் ஈரத் துணியால் வாக்கில் வழித்தெடுத்துப் புதையுங்கள். மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ளுங்கள். நெல் மூடையை நிலத்திலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி அடுக்குங்கள்; படுக்கும் பாய் மறு அறையில் இருக்கட்டும். ஓரறை வீடாயின், தலைமாடு மூடைப் பக்கம் வேண்டாம். வயலுக்கு இறங்கும் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர் தரும் குளிசையை விடாமல் எடுங்கள், அது எலிக்காய்ச்சலுக்கு. காய்ச்சலோடு சிறுநீர் குறைந்தால், வீட்டில் எலித் தொல்லை உண்டா, அண்மையில் பழைய வீடு துப்புரவாக்கினீர்களா என்பதை வைத்தியர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

மாகாண சுகாதாரத் திணைக்களமும் பல்கலைக்கழகங்களும் அடுத்த பெரும்போக அறுவடைக்கு முன், தை மாதத்திலேயே, வன்னியின் மூன்று மாவட்டங்களிலும் சில கிராமங்களைத் தெரிந்து இவ்வேலையைத் தொடங்க வேண்டும் என்று கேட்கிறோம். வயலோரக் கிராமம் ஒன்று, காட்டோரக் கிராமம் ஒன்று, அண்மையில் மீள்குடியேறிய கிராமம் ஒன்று என்றாவது இருக்கட்டும். சிறுநீரக நோயாளர் கூடிய வவுனியா வடக்கையும் செட்டிகுளத்தையும் விட்டுவிட வேண்டாம். பங்குத் தந்தையரின் அறைவீடுகளும் சனசமூக நிலையங்களும் மேசை போட இடம் தரும். தம் கிராமம் இதில் சேர வேண்டும் என்று விரும்பும் கமக்காரர் அமைப்புகள் ஊர்க்கூட்டத்தில் பேசித் தீர்மானித்து, கிராம சேவையாளர் ஊடாகச் சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதட்டும். அக்கடிதத்தின் பிரதியொன்றை எமது அலுவலகத்துக்கும் அனுப்பினால், கடிதங்களை ஒன்றாகக் கட்டி மாகாணத்துக்குக் கொண்டு செல்வோம்.